சிரித்தவர் பாத்திரம் கழுவ வேண்டும்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் உயிரோடும் ஓரளவு ஒழுங்கோடும் இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். எழுதுவது என்றால், கை உன் தங்கை வாலுவுடையது. என் வலது கையும் பேச்சும்தான் ஏழு வாரமாக லீவில் இருக்கின்றனவே. ஏற்பாடு இதுதான், உன் தங்கை ஒரு வரி எழுதிப் படித்துக் காட்டுவாள், நான் இடது கையில் இருக்கிற கரண்டியால் நாற்காலியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டு தட்டினால் இல்லை. ஆகையால் நான் என்று வருகிற இடமெல்லாம் அப்பாதான், எல்லாம் தட்டி ஒப்புக்கொண்ட வரிகள். வாலு இந்த வீட்டின் விளக்கு என்று ஒரு வரி எழுதிப் பார்த்தாள், நாலு தட்டு விழுந்தது, அதை அடித்துவிட்டோம்.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், போனில் நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அம்மா எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள். டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் மூளையைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துப் பிரித்துக் காட்டினார், பழம் உரிக்கிற மாதிரி. நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம், பேச்சைத் தயார் செய்கிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போகிற குழாயை உறைந்த ரத்தக் கட்டி ஒன்று அடைத்துவிட்டது. அதற்கு மேலே கை கால் முகத்தை ஆட்டுவிக்கிற பட்டை, அதற்கும் அதே குழாய்தான், இடது பக்கப் பட்டை வலது பக்க உடம்பை நடத்துகிறது, அதனால்தான் வலது பக்கம் முழுக்க வேலை நிறுத்தம். காதுக்குப் பின்பக்கமாக இருக்கிற, மற்றவர் பேசுவதைப் புரிந்துகொள்கிற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடரிக்கு மேலே சிறுமூளை, உடம்பு தடுமாறாமல் பார்த்துக்கொள்வது, அதுவும் பத்திரம். உன் தங்கைக்கு மொத்தமாகவே சிறு மூளைதான் என்று எழுதச் சொல்லி நான் கரண்டியால் அவள் தலையைச் சுட்டிக் காட்டினேன், அவளே எழுதிவிட்டாள். அடியில் முகுளம், மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் பார்ப்பது, வருஷம் முழுக்க லீவே எடுக்காத ஆள். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த எனக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. வார்த்தை கீழ்த்தளத்தில் ஒழுங்காக ஏறுகிறது, பட்டனும் அமுக்குகிறது, மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோகிறது. உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் தெரிகிறது, கதவுதான் திறக்கவில்லை.

வேடிக்கையும் உண்டு. ஏழு என்று மட்டும் சொல் என்றால் வராது, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஏழு தானாக வந்து நிற்கிறது. பாட்டு வருகிறது, அது வலது பக்க மூளையின் கைங்கரியம் என்கிறார்கள். அப்புறம் பயிற்சி கொடுக்க வந்து முழங்காலை மடக்கிவிடுகிற பையனை வலியில் ஒரு வார்த்தை சொன்னேன், கணீரென்று, ஓர் எழுத்துகூடக் குழறாமல். அது என்ன வார்த்தை என்று எழுத அம்மா அனுமதிக்கவில்லை. அம்மா காலை ஷிப்டுக்கே இன்னும் போகிறாள், ரொட்டிக் கம்பெனியில் நேரத்தை மாற்றித் தருகிறேன் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டாள், அடுப்புச் சூட்டில் நின்றால் யாரும் முகத்தைப் பார்த்து அழுதாயா என்று கேட்பதில்லை என்கிறாள்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கு என்பது. மூன்று நாளாக நான் வலது கையையும் வேலைப் பையையும் நாட்காட்டியையும் மாறி மாறிக் காட்டினேன், வாலு பை தொலைந்துவிட்டதா, லீவு வேண்டுமா, பிறந்தநாளா என்று இருபது கேள்வி கேட்டு இருபதுக்கும் இரண்டு தட்டு வாங்கினாள். கடைசியில் பிடித்தாள். இந்தப் பக்கவாதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, மொட்டைமாடி மெஷின் ரூமில் என் கை பத்து நிமிஷம் மரத்துப்போய் ஸ்பானர் கீழே விழுந்தது. நாக்கும் தடித்தது. பிறகு சரியாகிவிட்டது, நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உயரத்தில் ஏறக்கூடாது என்பார்கள், உனக்குத் தெரிந்தால் பரீட்சையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். அது ஓர் எச்சரிக்கை மணி என்று டாக்டரம்மா பிறகு பொதுவாகச் சொன்னபோதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊரார் லிஃப்டில் சின்னச் சத்தம் கேட்டாலே நிறுத்திப் பிரித்துப் பார்க்கிறவன், என் தலையை மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

அக்கா, அந்தக் கடைசி வரிக்கு அப்பா மூன்று முறை ஒரு தட்டு தட்டினார், அதனால்தான் எழுதினேன். ஆனால் அது பொய். இங்கிருந்து நான் என்றால் நான்தான், வாலு.

எங்கள் காலைப் பந்தயம் உனக்குத் தெரியும், நீயும் ஆடியதுதானே. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கோணல் முகம் காட்டி, உளறி, எதிராளியைச் சிரிக்க வைக்க வேண்டும், சிரி என்று மட்டும் வாயால் சொல்லக்கூடாது, சிரித்தவர் பாத்திரம் கழுவ வேண்டும். அன்றைக்கு ஏழரை மணிக்கு அப்பா டீயைக் கையில் எடுத்தார், கப் சாய்ந்து மடியில் கொட்டியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஏதோ குழறினார். அடேயப்பா, இன்றைக்கு ஆரம்பமே அமர்க்களம் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நானும் பதிலுக்குக் குழறினேன். அவர் என்னையே பார்த்தார். நான் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம், அக்கா. நடுவில் நான் எழுந்து போய் ரொட்டி வாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், இந்தப் பாச்சா என்கிட்டே பலிக்காது என்று சொன்னேன். நாற்காலியிலிருந்து அவர் சரிந்தபோதும் ஓவர் நடிப்பு, மார்க் குறைப்பேன் என்றேன். பேண்ட் நனைந்ததைப் பார்த்த பிறகுதான், அது டீ இல்லை என்று தெரிந்த பிறகுதான், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சரியான நேரத்தைச் சொன்னேன், அந்த ஒன்றில் மட்டும் நான் யோக்கியம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கெடுவுக்குள்ளேயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மிச்சம் என்றார். முப்பத்தைந்து நிமிஷத்தில் என்ன போனது என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார். நீ போனில் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது, பார்த்தவுடனே கூப்பிட்டேன் என்று சொன்னேன். ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்திலேயே கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் புரிகிற இடம் பத்திரமாயிற்றே. அன்று காலை நான் உளறியது அத்தனையும் கூட அவருக்குப் புரிந்திருக்கிறது.

இன்னொன்று. யாருக்காவது இப்படி வந்தால் கண்டுபிடிக்க டாக்டர்கள் முதலில் என்ன செய்யச் சொல்வார்கள் தெரியுமா? சிரிக்கச் சொல்வார்கள். முகம் இரண்டு பக்கமும் சேர்ந்து மேலே போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை, போதும்ப்பா, சிரிங்க என்று நான் சொல்லியிருந்தால் போதும். நம் வீட்டில் பந்தய நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான்.

இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று கரண்டி வளையும்வரை தட்டினார். கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் அவர் பங்கு அவருக்கு, என் பங்கு எனக்கு. நீ என்னைத் திட்டி எழுது, சுருக்கமாக வேண்டாம்.

இனி அப்பா, கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பரீட்சையை முடித்துவிட்டு வா, நடுவில் வராதே. குளிரில் காதை மூடிக்கொள். கை மரத்தால், நாக்குத் தடித்தால், ஒரு நிமிஷமே ஆனாலும் மறைக்காதே, உன் அப்பன் மாதிரி இருக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடியட்டும், நூறு வருஷம் நன்றாக இருப்பாய். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, இனி வீடியோவில் வந்தால் நலமா என்று கேட்பதற்கு முன்னால் என்னைச் சிரிக்கச் சொல். இடது பக்கம் இப்போதே ஏறுகிறது, வலது பக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீயே பார். அதற்கப்புறம் உன் தங்கையையும் சிரிக்கச் சொல், ஏழு வாரமாகப் பந்தயமே இல்லாமல் பாத்திரம் முழுவதையும் அவளே கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு, இடது கையால்,
உன் அப்பா