சனிக்கிழமை நீச்சல் வகுப்பு

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் நம் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. சண்டை போட எழுதவில்லை.

நம் பாப்பா ஏரியில் மூழ்கிப்போனதும் இங்கே தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தோம். சனிக்கிழமை காலையில் நகராட்சி நீச்சல்குளத்தை இலவசமாகத் தருகிறார்கள். முப்பத்தோரு பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். தையற்கடைக்காரர் நீச்சலுடை தைத்துக் கொடுக்கிறார். மாடிவீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து தலை எண்ணுகிறாள். ஒன்று குறைந்தால் ஊரையே கூட்டிவிடுவாள். சொல்லிக்கொடுத்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். உங்களைப்போல் நீந்த யாருக்குத் தெரியும்? வாருங்களேன்.

உங்கள்
டீச்சர்

மார்ச் 11

அன்புள்ள டீச்சருக்கு,

அவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவன்தான் அன்றைக்குக் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோன் பேசினேன். என்னை நம்பி யார் பிள்ளையை விடுவார்கள்? வற்புறுத்தாதே.

பாப்பாவின் அப்பா

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

அந்த ஃபோனில் இருந்தது நான். "பாப்பா தனியா நிக்கிறா, அப்புறம் பேசறேன்" என்றீர்கள். "வெச்சீங்கன்னா பாருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றேன். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பதுதான் சண்டை. என் அண்ணன் உங்களைப் பார்த்து "பிள்ளையக் கொன்னவன்" என்றபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டேன். இனியாவது வருவீர்களா?

உங்கள்
டீச்சர்

மார்ச் 23

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று வகுப்புக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. அக்கா பார்த்துவிட்டு, "உள்ள வாங்க தம்பி, பிள்ளைங்க காத்திருக்கு" என்று கையைப் பிடித்தாள். அதற்குள் குளத்திலிருந்து ஒரு சின்னப்பெண், "அப்பா, இங்க பாருங்க!" என்று கத்தினாள். வாசலோடு திரும்பிப் போய்விட்டேன்.

அந்த ஃபோன் விஷயத்தை நீ சொல்லாவிட்டாலும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். உன் அண்ணன் பேசியது வலிக்கவில்லை. நீ பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றாயே, அதைத் தாங்க முடியாமல்தான் வீட்டை விட்டுப் போனேன். இப்போது கோபமில்லை. ஆனால் உன் குரலைக் கேட்டால் அந்தக் கரைக்கே போய்விடுகிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் என்னோடு வேலை செய்பவர் அடுத்த சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொடுக்க வருவார். என்னைவிடப் பொறுமைசாலி. ஒரு பிள்ளையையும் வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதே.

எனக்கு இனி எழுதாதே. நீ கூப்பிட்டால் வராமலிருக்க எனக்குத் தெரியாது. வந்தால் இருக்கவும் தெரியாது.

பாப்பாவின் அப்பா