வாசலில் வேப்பிலை

18-3-83, வெள்ளி
காலையிலேயே அனல். போடிமெட்டுப் பக்கம் பொட்டு மேகம் இல்லை. மாத்திரை போட்டாச்சு.

இன்றும் என்னைப் பார்க்க ஆள். அத்தையின் ஓரகத்தி, கீழத்தெரு சின்னத்தை. கூடவே அவள் மகள், மகள் இடுப்பில் மூக்கொழுகும் பிள்ளை. ஆப்பிள், ஹார்லிக்ஸ். மதுரை டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் வேலையை நிறுத்திவிட்டது, ஒரு சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும், கூட்டம் கூடாது. சொன்னால் சின்னத்தை சிரிக்கிறாள். "நாங்க என்ன கிருமியா? பாக்க வராட்டா ஊரு என்ன பேசும்?"

போகும்போது மகளிடம் குசுகுசு: "ஆம்பளக் கொரலு வந்திருச்சு, பாத்தியா? மீசையும் மொளச்சிருச்சு." மாத்திரை செய்கிற வேலை அது. எனக்கு ரத்தம்தான் இல்லை, காது நன்றாகவே கேட்கிறது.

19, சனி
வீட்டுக்காரர் குரங்கணித் தோட்டத்திலிருந்து ஜீப்பில் வந்தார். மழையில்லாமல் ஏலச்செடி கருகுகிறதாம். குளித்துவிட்டுத்தான் என் அறைக்குள் வந்தார். வருகிறவர்களை நிறுத்தச் சொன்னேன். "சொந்தபந்தத்த எப்படிப் புள்ள வராதன்னு சொல்றது?" தலையைச் சொறிந்தார். எரிச்சல். நான் செத்தால் அதே சொந்தபந்தம் மாலையோடு வரும்.

21, திங்கள்
அத்தை கோயிலுக்குப் போன நேரம். கொல்லை மரத்தில் வேப்பிலை ஒடித்து வாசல் நிலையில் சொருகினேன். அம்மை போட்ட வீடு என்றால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். சின்னத்தை வந்தாள், பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள். சன்னல் வழியே பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை மாதமாயிற்று சிரித்து.

அத்தை திரும்பி வந்து அரண்டுபோனாள். "ஆத்தா பேரச் சொல்லியா பொய்யி?" ஆனால் கழற்றவில்லை. கட்டினால் தண்ணீர் ஊற்றித்தான் இறக்கணுமாம்.

23, புதன்
வீடு அமைதி. மாத்திரை டப்பாவைக் காணோம். அலமாரி, தலையணை அடி, எங்கும் இல்லை. அத்தையைக் கேட்டேன்.

"ஆத்தா எறங்குன வீட்டுல மாத்திர ஆகாது. தண்ணி ஊத்துற வரைக்கும் பொறு."

"எனக்கு அம்மையே இல்லத்தே!"

"வேப்பெல கட்டுனவ நீதான? கூப்புட்டுட்டு இல்லன்னா எப்படி?"

கத்தினேன். தெருவே கேட்கும்படி, அந்த ஆம்பளைக் குரலில். மாத்திரையை விட்டால் செத்துப்போவேன் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிக் கத்தினேன். வேப்பிலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். நிலையில் லேசாக இடித்த கை, பார்க்கப் பார்க்க ஊதாவாகக் கன்றியது. அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மாரியாத்தா, கோபித்துக்கொள். உன்னைவிட நான் கோபத்தில் இருக்கிறேன்.

24, வியாழன்
வேப்பிலை போனது தெரிந்து சின்னத்தை மறுபடி. அத்தை நிலைப்படியை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"மருமகளப் பாக்கத்தான்க்கா."

"பாத்து என்னத்தக் கிழிச்ச? அவளுக்கு ரத்தம் ஊறுற வரைக்கும் இந்தப் படி ஏறுன, கால ஒடிச்சுப்புடுவேன். ஆப்பிள வச்சிட்டுப் போ."

இனி இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அத்தை அடுப்படியில் அழுதாள். நான் போய்த் தேற்றவில்லை. மாத்திரையை ஒளித்தது இன்னும் ஆறவில்லை.

26, சனி
மதுரை. ரத்தம் எடுத்தார்கள். டாக்டர்: "ரத்த அளவு ஏறியிருக்கு. கொஞ்சந்தான்." இந்த வாரம் ரத்தம் ஏற்ற வேண்டாம். எப்போது குணமாகும்? "வருஷம்கூட ஆகலாம். பொறுமை வேணும்மா." பொறுமையாம். அது என்னிடம் கிடையாது. ஆத்திரத்தை வைத்துத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன், மிச்சத்தையும் ஓட்டுவேன்.

27, ஞாயிறு
விரலால் பல் விளக்கினேன். மாதக்கணக்காகத் துப்பினால் சிவப்பு, ஈறெல்லாம் ரத்தம். இன்று வெள்ளை. நம்பாமல் அத்தையைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் குனிந்து சாக்கடையைப் பார்த்தோம்.

"இன்னொருக்கா துப்பு" என்றாள்.

துப்பினேன். வெள்ளைதான்.