நாலரைக் கை நட்சத்திர மீன்

மார்ச் 3
அக்கா டூட்டி முடிந்து ஒரு வாளியோடு வந்தாள். உள்ளே, அலங்கார மீன் கடைக்காரர் "இது தேறாதும்மா" என்று ஒதுக்கி வைத்திருந்த நட்சத்திர மீன். என் உள்ளங்கை அளவு, ஆரஞ்சு நிறம், ஐந்து கை. ஒரு கையின் நுனி மட்டும் வெளுத்திருந்தது. கூடத்திலிருக்கும் அவளுடைய கடல்நீர்த் தொட்டியில் எடுத்துப் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் அல்லவா! ட்ரிப்ஸ் குழாயைத் தொட்டியிலிருந்து வாளிக்கு இழுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். நான்கு மணி நேரம்.
"உப்பு சட்டுனு மாறினா மனுஷங்களே தாங்க மாட்டாங்க. இது எப்படிடீ தாங்கும்?"
நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எனக்குப் பொறுமை அதிகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 9
தொட்டிச் சுவரில் ஏறிவிட்டது. அடியில் நூற்றுக்கணக்கில் குட்டிக் கால்கள், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நகர்கிறது. காப்பி ஆறிப்போனது.

மார்ச் 17
ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.
அக்காவுக்கு இன்று இரட்டை ஷிஃப்ட். தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது. உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு குடம் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை மடமடவென்று ஊற்றினேன். சாயங்காலம் பார்த்தால் மணலில் துவண்டு கிடக்கிறது.
சொல்லாமல் விட்டுவிடலாமா? தேறாது என்று கடைக்காரரே சொன்னதுதானே — சீ, என்ன புத்தி எனக்கு.
போன் செய்து சொன்னேன், அழுதுகொண்டே.
"எவ்வளவு ஊத்தின?"
"ஒரு குடம்."
"குறைஞ்சிருந்தது ரெண்டு டம்ளர்தான் இருக்கும். சரி, இனி எதையும் தொடாதே. வரேன்."

மார்ச் 18
உப்பை மறுபடி ஏற்ற வேண்டுமாம். அதையும் அவசரப்பட்டுச் செய்தால் செத்துவிடுமாம். உப்பு நீர் கரைத்து அதே குழாயில் சொட்ட விட்டிருக்கிறாள். இரண்டு நாள் ஆகும். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.
"வார்டுலயும் தப்பு நடக்கும்டீ. உடனே சொல்றவங்க இருந்தா காப்பாத்திடலாம்."

மார்ச் 21
வெளுத்த கை கழன்று விழுந்தது. அழுகித் தண்ணீரைக் கெடுக்கும் என்று அக்கா உடனே எடுத்தெறிந்தாள்.
"அதுவே விட்டுடுச்சு பாரு. கெட்டிக்காரி," என்றாள்.
தன் கையைத் தானே உதற எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஏப்ரல் 2
சிப்பிச் சதையைப் பக்கத்தில் வைத்தாள். அசையவில்லை.

ஏப்ரல் 3
சாப்பிட்டது! வயிற்றையே வெளியே தள்ளி, சதையின் மேல் போர்த்திச் சாப்பிட்டது! அக்கா கண்ணைத் துடைத்தாள். "தூசிடீ." பொய் மட்டும் அவளுக்கு வரவே வராது.

மே 26
கை கழன்ற இடத்தில் அரிசி அளவு முளை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் — அதிலும் கால்கள்! அக்காவைக் கட்டிப்பிடித்ததில் அவள் யூனிஃபார்ம் கசங்கிவிட்டது.

ஜூன் 14
அக்காவுக்கு வெளியூரில் பத்து நாள் பயிற்சி. ஆட்டோ வாசலில் நின்றது.
"தொட்டிக்கு என்னென்ன செய்யணும்னு எழுதி வெச்சுட்டுப் போக்கா."
"எதுக்கு? அதான் நீ இருக்கியே," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.