முகவரிக் கட்டம்

மார்ச் 5

இன்று எங்கள் ஆபீஸில் கருத்தரங்கு. வீடற்றோருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் உதவச் சிறந்த வழி எது? பதினொரு பேர் பேசினார்கள். தெருவில் ஒரு நாளாவது படுத்தவர் அதில் யாரும் இல்லை.

பஸ் நிலையத்தில் படுத்துக்கிடக்கும் பட்டாளத்தார் வாசலுக்கு வந்தார். பேனரைப் படித்திருக்கிறார். "என்னைப் பத்தித்தானே பேசுறீங்க? ஓரமா நின்னு கேட்டுட்டுப் போறேனே."

அழைப்பிதழ் இல்லையே என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அறை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் ஒன்பது வருடம் விண்ணப்பம் வாங்கியதில் நாக்கு தானாகப் பேசுகிறது.

மார்ச் 12

எங்கள் மேலாளர் விடியற்காலையில் பஸ் நிலையம் போய்க் கம்பளி கொடுத்தாராம். பட்டாளத்தாரைத் தட்டி எழுப்பிப் போர்த்தி விட்டிருக்கிறார். படம் சரியாக விழவில்லையென்று மறுபடி படுக்கச் சொன்னாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

தூ.

மார்ச் 13

பட்டாளத்தார் என் ஜன்னலுக்கு வந்தார், அறை கேட்டு. இது மூன்றாவது தடவை. படிவத்தில் "தற்போது குடியிருக்கும் வீட்டு முகவரி" என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் வாங்கக் கூடாது. வீடு கேட்டு வருகிறவனிடம் உன் வீடு எங்கே என்று கேட்கச் சொன்ன அறிவுக்கொழுந்து யாரோ!

மேலாளரிடம் போனேன். இரக்கம் வேறு, ஆபீஸ் வேறு என்றார்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டாளத்தார் கோபப்படவில்லை. "பட்டாளத்துல அடிபட்டா, எங்க கிடக்கேன்னு சொன்னா தூக்கிட்டுப் போக ஆள் வரும்மா. இங்க, சொன்னதும் அனுப்பிச்சிடுறீங்க."

நான் இன்னும் சாப்பிடவில்லை.

மார்ச் 14

பட்டாளத்தாரைத் தேடிப் போய் அந்தக் கட்டத்தில் என் வீட்டு முகவரியை எழுதினேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

கணவர் குதித்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் இங்கேதான் வரும் என்றார். வரட்டும் என்றேன். பெரிய வீராங்கனை மாதிரி! வேலை போனால் என்ன செய்வேன்?

ஏப்ரல் 2

ஒன்றும் வரவில்லை.

மே 9

வந்துவிட்டது. அறை ஒதுக்கிய கடிதம் எங்கள் வீட்டுக்கு! நான் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் கணவரே பஸ் நிலையம் போய்க் கொடுத்திருக்கிறார். "ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு" என்றார்.

மே 20

படிவத்தில் இருப்பது என் முகவரி என்று ஆபீஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை. அதே மேலாளர், அதே பேனாவால், "கருத்தரங்கின் முதல் பலன்" என்று பட்டாளத்தாரின் பெயரை அறிக்கையிலும் சேர்த்திருக்கிறார். வெட்கம் என்பதை எங்கே கழற்றி மாட்டிவிட்டு வேலைக்கு வருகிறார்கள்?

ஜூன் 3

பழைய கோப்பு அறைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். தூசி. மனிதர்களே வருவதில்லை. பரவாயில்லை.

சாயங்காலம் பட்டாளத்தாரைப் பார்க்கப் போனேன். இரண்டாம் மாடி, கடைசி அறை. தட்டினேன். யார் என்று கேட்டார். ஆபீஸ் அம்மா என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம்மா. இன்னொரு நாள் வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். இந்தத் தடவை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்தவள் ஒரு மாதிரி பார்த்தாள்.