பாபினின் பழுப்புப் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டரம்மா இன்று புது ஸ்கேலரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நாய் பூனைகளின் பல்லில் கல்லாக ஏறியிருக்கும் காரையை அதிரவைத்து உதிர்க்கும் மெஷின். அடேயப்பா, என்ன சத்தம்! தொட்டுப்பார்க்கக் கை பரபரத்தது. அவர் விடவில்லை.

"கோயமுத்தூர்ல நர்ஸுகளுக்குப் பல் டிரெய்னிங் நடக்குது நதியா. பாஸ் பண்ணீட்டு வா கண்ணு, மெஷின் உன்ற கையில. இல்லீன்னா அங்கிருந்துதான் ஒரு ஆளைக் கூட்டியாரோணும்."

வேற ஆளா? நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா? பார்த்துவிடலாம்.

ராத்திரி வீட்டுக்காரர் ஜெயபாண்டியிடம் சொன்னேன். "நாய்க்குப் பல்லு விளக்கவா கோயமுத்தூர் போற? ஊர்ல சொன்னா சிரிப்பாய்ங்க" என்றார். சிரிக்கட்டும். பனியன் கம்பெனியில் துணியில் கறை, ஓட்டை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டு நாய் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் வகுப்பு. நாய்க்கு நாற்பத்திரண்டு பல்லாம். என்னுடைய முப்பத்திரண்டை விளக்கவே எனக்கு நேரமில்லை! திரும்பும் பஸ்ஸில் செல்போன் கேமராவில் வாயைப் பிளந்து கடைவாய்ப் பற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா எழுந்து பின்னால் போய்விட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

ஈறுக்குள் கம்பி விட்டு ஆழம் பார்ப்பது. எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. வகுப்பெடுக்கும் டாக்டர் மாதவன் சார், "உங்க கண்ணு நல்ல கூர்மை. முன்னாடி என்ன வேலை?" என்றார். செக்கிங் என்றேன். கர்வம்தான், இல்லையென்று சொல்வானேன்?

ஜூன் 22, ஞாயிறு

ஃபெயில்.

பயிற்சிக்கு வைத்திருக்கும் தாடை எலும்பில் தேர்வு. எல்லாப் பல்லும் பளபளவென்று வந்தன. தேய்ந்த பல் ஒன்றின் நடுவில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி. மெஷினை வைத்தேன், போகவில்லை. இன்னும் வைத்தேன். செக்கிங் டேபிளில் கறையைக் கண்டால் போகிறவரை விடமாட்டோமே, அந்தக் கை! சார் மெஷினை நிறுத்திவிட்டார்.

"அது கறையில்லம்மா. பல்லு தேயத் தேய உள்ளிருந்து தன்னைத்தானே அடைச்சுக்கிட்ட இடம். ஒரே பல்லுல இவ்வளவு நேரம் வச்சா, உயிருள்ள நாய்னா மெஷின் சூட்டுலயே அந்தப் பல்லு செத்திருக்கும்."

நல்லா இருந்த பல்ல நானே கொன்னுருப்பேன். நானா? கறை போக்குறேன்னு — ச்சே!

ஜூன் 23, திங்கள்

வேலை முடிந்து வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஜெயபாண்டி பரோட்டா வாங்கி வந்தார். அதை மட்டும் சாப்பிட்டேன்.

ஜூன் 25, புதன்

டாக்டரம்மா சாரிடம் போனில் பேசியிருக்கிறார். அடுத்த புதன் சார் இங்கேயே வருகிறார். நிஜ நாய், ஒரே ஒரு வாய்ப்பு. இதிலும் கோட்டைவிட்டால் கோயமுத்தூர் ஆள்தான்.

ஜூலை 2, புதன்

நாயின் பெயர் பாபின். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஆறுச்சாமி ஐயாவின் லாப்ரடார். பொங்கலூர்த் தோட்டத்தில் நாள் முழுக்கத் தேங்காய் மட்டையைக் கடிப்பதுதான் அதற்கு வேலை. இப்போது வாயெல்லாம் நாற்றம், சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா மயக்க ஊசி போட்டார். ஐயா நகரமாட்டேன் என்று பக்கத்திலேயே நின்றார்.

காரையை எடுத்தேன். கடைவாயில் ஒரு பல் பிளந்து சீழ் கட்டியிருந்தது, டாக்டரம்மாவிடம் காட்டினேன், பிடுங்கினார். அப்புறம் பார்த்தால் கோரைப்பல் நுனியில் — அதே பழுப்புப் புள்ளி!

மெஷினோடு கை அதன்மேல் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. நிறுத்தினேன். கம்பியை எடுத்துத் தடவினேன், கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. ஓட்டை இல்லை. அடுத்த பல்லுக்குப் போனேன்.

முடிந்ததும் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஏனுங் அம்மிணி, கறை அப்பிடியே நிக்குதுங்களே? எங்க கம்பெனில இந்தப் பீஸு பாஸாகாதுங்க."

சார் விட்டத்தைப் பார்க்கிறார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றுகிறார். பதில் நான்தான் சொல்லவேண்டும்.

"கறை இல்லைங்கய்யா. மட்டையக் கடிச்சுத் தேஞ்ச எடத்தப் பல்லே உள்ளிருந்து அடைச்சிருக்கு. கம்பி வழுக்குது பாருங்க. இதச் சுரண்டுனா நல்ல பல்லு செத்துப்போகும். நானும் செக்கிங்ல இருந்தவதான், சொல்றேன். இந்தப் பீஸு பாஸுங்கய்யா."

அவர் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்து, "மெஷினைக் கழுவித் தொடைச்சு வைங்க. இனி உங்க பொறுப்பு" என்றார்.

பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குதித்தேன்.

ஜூலை 12, சனி

காலையிலேயே ஆறுச்சாமி ஐயாவின் வண்டி. பாபின் சட்டி சட்டியாகச் சோறு தின்கிறதாம். அக்கம்பக்கத்துத் தோட்டத்து நாய்கள் நான்கை, ஓனர்களோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசல் பெஞ்சில் அவர்களுக்கு வகுப்பு வேறு: "பழுப்பா ஒரு புள்ளி இருக்குமுங்க. அதைச் சுரண்டச் சொல்லி அந்தப் புள்ளைகிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. அது பல்லோட சொந்த ரிப்பேருங்க!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்கு வாயையும் திறந்து பார்த்தேன். டாக்டரம்மா மயக்க ஊசியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எதை மொதல்ல எடுக்கறதுன்னு நீயே சொல்லு நதியா."

சொன்னேன்.