இருபத்து நான்காம் நாள் ஒயின்

சரவணம்பட்டி
டிசம்பர் 2

அன்புள்ள ஷ்ரவ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அப்பா நலம், சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார். நானும் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. நீ அந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய் என்று அடுத்த முறை விவரமாகச் சொல். இதை வாட்ஸப்பில் அனுப்ப முடியாது, அப்பா என் போனை எடுத்துப் பார்ப்பார், அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அறையில் ஒயினுக்குத் திராட்சை போட்டிருக்கிறேன், எத்தனை நாள் கழித்துக் குடிக்கலாம், ஒருவர் இருபத்தொரு நாள் என்கிறார் ஒருவர் ஒரு வருஷம் என்கிறார் என்று கேட்டிருந்தாய். இருபத்தொரு நாளில் வடிகட்டலாம், குடிக்கக் கூடாது. வடிகட்டிய பிறகும் அது உள்ளே சர்க்கரையைத் தின்று வாயு விட்டுக்கொண்டுதான் இருக்கும், குமிழ் முழுக்க அடங்கும்வரை வாயில் துணிதான் கட்ட வேண்டும், மூடி போடக் கூடாது. அடங்கிய பிறகு பாட்டிலில் ஊற்றி மூடி மூன்று மாதமாவது வை, ஆறு மாதம் வைத்தால் புளிப்பின் முனை மழுங்கும். நான் ஆகஸ்ட் பதினைந்து விடுமுறையில் போட்டுக் கிறிஸ்துமஸுக்குத் திறப்பது இதனால்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை நீ முதலில் மனதில் வைத்துக்கொள், மீதியை அப்புறம் படி.

போன கிறிஸ்துமஸுக்குப் பொற்கொடி அத்தை நம் வீட்டில் பாஸ்டரம்மா முன்னால் ஒரு வாய் குடித்துவிட்டு, ஏனுங்க, எங்க தம்பி பொண்டாட்டி கெமிஸ்ட்ரி படிச்சதே சாராயம் காச்சறதுக்குத்தானுங்க, புள்ளையச் சீமைக்குத் தாட்டியுட்டுப்போட்டு ஊட்ல வேறென்ன வேலை என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தபடி கேக் தட்டை நீட்டினேன். ஒன்பது மாதம் அந்தச் சிரிப்பு எனக்குள் புளித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் அத்தை மகள் ஹரிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு அத்தை வந்து, அம்மணி, ஆறு பாட்டில் ஒயின் குடு, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னாடி வெக்கோணும் என்றாள். அன்று இருபத்து நான்காம் நாள். இன்னும் ஆகவில்லை அண்ணி, கிறிஸ்துமஸ் வரை இருக்கட்டும் என்றேன். உங்கூட்டு ஒயினுக்கு நாள் நட்சத்திரம் வேற பாக்கோணுமாக்கும், குடுக்க மனசு இல்லீன்னா இல்லீன்னு சொல்லீரு என்றாள். சுவைத்துப் பார்த்து, புளிக்குது, இனிப்பா இருக்கோணும் கண்ணு என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், திருகுமூடியைத் துணி வைத்துப் பிடித்து முடிந்த மட்டும் இறுக்கினேன். திறக்கும்போது அவளுடைய பட்டுப்புடவையில் பீறிட்டு அடிக்கும், சபை சிரிக்கும், அவ்வளவுதான் நினைத்தேன். பாட்டில் கண்ணாடி என்பதை நினைக்கவில்லை என்று உன்னிடமும் பொய் சொல்லப் போவதில்லை. நினைத்தேன், பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நிச்சயத்துக்குப் போன சத்தியமங்கலத்தில், வெயிலில் நின்ற காரிலிருந்து அந்தப் பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திறக்கப் போனது அத்தை இல்லை, ஹரிதா. அவள் வலது உள்ளங்கையில் வெடித்தது. உனக்கு ஒன்பது தையல் என்று மட்டும் தெரியும். நரம்பு அறுந்து இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை, ஊசி போட முடியாத நர்ஸை ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள். நிச்சயத்தன்றே இரத்தம் பார்த்தாயிற்று என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அத்தை அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மதி, நீ வேண்டாம்னு சொன்னியே, நான்தான் கேக்காம வாங்கியாந்து எம் புள்ள கைய நாசம் பண்ணிப்போட்டேன் என்று அழுதாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமாங்க அண்ணி, நான் அப்பவே சொன்னேனே என்றேன். சர்க்கரை போட்டபோதுகூட நான் இவ்வளவு கெட்டவளாக இல்லை. அதைச் சொன்னபோது எனக்கு இனித்தது ஷ்ரவ்யா.

மாப்பிள்ளை தமிழ்ச்செல்வன் மட்டும் அசையவில்லை, ஜனவரி இருபதில் கல்யாணம் உறுதி. போன ஞாயிறு ஹரிதா தனியாக வந்தாள். காப்பியை இடது கையால் குடித்து முடித்துவிட்டு, அத்தை, பன்னெண்டாவதுல நொதித்தல் பாடம் நீங்கதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, சர்க்கரையும் போட்டு மூடியையும் இறுக்குனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா என்று கேட்டாள். கத்தவில்லை அவள், மரியாதை ஒரு ங்க கூடக் குறையவில்லை. எங்கம்மா தூங்கறதே இல்லீங்க, சபைக்கு முன்னாடி பழியத் தலைமேல ஏத்திக்கிட்டாங்க, அதனால சபைக்கு முன்னாடியே நீங்க எறக்கி வைக்கோணுமுங்க, கல்யாணத்துல கேக் வெட்டறப்ப ஒயின் நீங்களே தெறந்து ஊத்துங்க, ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லீருங்க என்றாள். இப்பவே அம்மாவிடம் போய்ச் சொல்லட்டுமா கண்ணு என்று கேட்டேன். வேண்டாமுங்க, தனியாச் சொன்னா அவங்க அழுதுபோட்டு மன்னிச்சிருவாங்க, அத்தனை சுளுவா முடிய நான் உடமாட்டேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லிவிட்டதால் எனக்குப் பாரம் குறையவில்லை, உனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். என் அம்மா ஓர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள் என்று உன் சிநேகிதிகளிடம் சொல்வாயே, அதை இனிமேல் சொல்லாதே.

நன்றாகச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையை விடாதே, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். மறக்காதே, ஹரிதாவுக்கு இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே, அவளுக்கு யாருடைய மன்னிப்பு வார்த்தையும் வேண்டாம். கல்யாணத்துக்கு டிக்கெட் போடலாமா என்று கேட்டிருந்தாய். நான் பேசும்போது என் பக்கத்தில் நின்று பாட்டிலைப் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் போடு, முடியாது என்றால் அப்பாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு, நான் நம்பியதுபோல் இருந்துகொள்கிறேன்.

உன் அம்மா,
மதிவதனி சாமுவேல்