ஒரு சாண் இரட்டைத் தையல்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவின் இருமலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். எட்டு மாதமாக வரவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். கேட்காவிட்டால் அதற்கும் ஒரு குற்றம் சொல்வாய்.

நீங்கள் கார் வாங்கியதை அப்பா என்னிடம் சொல்லவே இல்லை. அமுக்கமாக இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது, எடுத்தேன். குட்டி, "தாத்தா, நம்ம கார் பாட்டு பாடுது!" என்றாள். "பாட்டி பேசுறேண்டி கண்ணு" என்றதும் யாரோ போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, நீதான்.

குளித்துவிட்டு வந்த மனுஷனை ஈரத் துண்டோடு நிற்க வைத்து விசாரித்தேன். பழைய கார், மூன்று வருஷம்தான் ஆகிறது, அதிகம் ஓடாதது, நல்ல மலிவு என்றார். யாரிடம் வாங்கினார்கள், முன்பு யார் வைத்திருந்தார்கள் என்றால், "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயே, ஆளை விடு" என்று கும்பிட்டுவிட்டார். மலிவு என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றே வருஷமான, ஓடாத வண்டியை எவன் மலிவாகக் கொடுப்பான்?

இருபத்திரண்டு வருஷமாகக் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். வண்டிக்காரர்கள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பெரிய விபத்தில் மாட்டிய வண்டியைப் பழுது பார்ப்பது வீண் செலவு என்று இன்சூரன்ஸ் கம்பெனி, வண்டிக்குச் சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்து, வண்டியைத் தலைமுழுகிவிடும். டோட்டல் லாஸ் என்பார்கள். நியாயமாக அது பழைய இரும்புக்குப் போக வேண்டும். ஆனால் யாராவது ஏலத்தில் எடுத்து, தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, விவரம் தெரியாதவர் தலையில் கட்டிவிடுவார்கள். உங்கள் வண்டி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று யார் சொன்னார்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபத்தோடேயே போய்ப் பார். பானெட்டைத் திறந்தால் உள்ளே திருகாணிகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா? நாலு கதவும் ஒரே சத்தத்தில் சாத்துகிறதா? முக்கியமாக, சாவியைத் திருப்பியதும் ஒரு ஆள் உட்கார்ந்து முன்னால் பந்து வைத்திருப்பது போல ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணைய வேண்டும். அது ஏர்பேக் விளக்கு. மோதினால் டேஷ்போர்டைப் பிளந்துகொண்டு உப்பி வந்து தலையைத் தாங்குகிற பை. அந்த விளக்கு எரிந்து அணைந்தால் பை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர் ஆபீசுக்குப் போன் போட்டு, அவர் அங்கேதான் வேலை பார்க்கிறாரா என்று நான் விசாரித்தது தப்பு. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து விசாரித்தது அதைவிடத் தப்பு. "உனக்கு யாரைத்தாம்மா நம்பத் தெரியும்?" என்று கத்திவிட்டுப் போனாய். நான் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உட்காரும் முன் ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைப்பாரே, நீகூடக் கர்ச்சீப் என்று பேர் வைத்தாயே, அந்தப் புரோக்கரைப் பத்து வருஷமாக நம்புகிறேன். பழைய கார்தான் வேண்டும் என்றால் அவரிடம் போயிருக்கக் கூடாதா?

குட்டிக்கு முத்தம். வண்டியைப் பல கோணத்தில் படம் எடுத்து அனுப்பு.

திட்டினாலும் திருந்தாத,
அம்மா.


என் கண்ணே,

இதைத் தபாலில் போடவில்லை. அப்பா கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுகிறேன். வண்டியை எடுக்காதே என்று அவர் நேற்றுப் போனில் சொன்னதற்கு, "அம்மாவுக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று வைத்துவிட்டாயாம். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால் நீ படித்து முடிக்கும் வரை அவர் காருக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். விரட்டாதே, நான்தான் நிற்கச் சொன்னேன். வண்டியை எடுக்காதே. மீதியை அப்புறம் படி.

என் கடிதத்துக்குப் பதிலாக அப்பா போனுக்கு ஐந்து படம் அனுப்பியிருந்தாய். "அம்மாவே சந்தேகப்படாத கர்ச்சீப் அங்கிள்கிட்டதான் வாங்கினோம். விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது. போதுமா? வேணும்னா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். நிம்மதியாக ஒரு டீ போட்டுக் குடித்தேன். பிறகு, குட்டியைப் பார்க்கலாம் என்றுதான் நாலாவது படத்தை விரலால் பெரிதாக்கினேன்.

முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள். அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு தையல். ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் அது இரட்டை வரிசையாக ஓடுகிறது. எந்தக் கம்பெனியும் அப்படித் தைக்காது. நான் தைத்தேன். பாதியில் ஊசி முறிந்து ரெக்சினில் ஓட்டை விழுந்துவிட்டது. அது தெரியாமலிருக்க மேலே இன்னொரு ஓட்டு ஓட்டினேன். என் கையை எனக்குத் தெரியாதா?

கர்ச்சீப் வண்டியைக் கொண்டுவரவில்லை. டேஷ்போர்டை மட்டும் கழற்றி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "வெயில்ல வெடிச்சுப்போச்சுக்கா, மேல ரெக்சின் போட்டுக் குடுங்க" என்றார். வெயிலில் வெடித்தது பொடிப் பொடியாக, குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விடும். எத்தனை பார்த்திருக்கிறேன். இது உள்ளேயிருந்து வெளியே கிழிந்திருந்தது. கிழிசலின் உதடு மேலே மடிந்திருந்தது. விளிம்பில், பை வெடிக்கும்போது சிதறுகிற வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுத் தைத்தேன். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்காதவள், துடைத்துவிட்டுத் தைத்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். நீ கத்திவிட்டுப் போன அடுத்த மாதம் அது. இனி யாரையும் துருவுவதில்லை என்று எனக்குள் ஒரு வைராக்கியம். உன்மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆள் வரும்போதெல்லாம், "மக பேசினாளாக்கா?" என்று கேட்பார். வேறு யாரும் கேட்டதில்லை. உன் அப்பாகூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். என் மனசை விசாரிக்கிறவரிடம் நான் எதை விசாரிப்பேன்?

படத்தைப் பார்த்ததும் கடையைப் பூட்டிவிட்டு அவருடைய ஷெட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கேட்டதற்கு அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை. ஆமாம், இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட வண்டிதான் என்றார். "ரெண்டு பையும் வெடிச்சிருந்துச்சுக்கா. புதுசு போட்டா கட்டுபடியாகாது. உள்ள பஞ்சை அடைச்சுட்டோம். விளக்குக் கம்பியைப் பக்கத்து விளக்கோட சேத்துட்டோம், ரெண்டும் ஒண்ணா எரிஞ்சு ஒண்ணா அணையும்" என்றார். உன்னை நம்ப வைத்ததே நான் சொல்லிக் கொடுத்த விளக்குதான். என் மகளுக்குப் போய் இதைக் கொடுத்தாயே என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போய், "உங்களுக்குத் தெரிஞ்சுதான் தைக்கிறீங்கன்னுல்ல நினைச்சேன்? ஒரு கேள்வியும் கேக்கலையேக்கா நீங்க" என்றார்.

பொய் சொல்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். பொய்யில்லை. என்னைக் கூட்டாளி என்றே நினைத்திருக்கிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. தினம் காலையில் நீ அந்த ஸ்டியரிங் முன்னால் உட்கார்கிறாய். குட்டி என் தையல்மேல் கையை ஊன்றிக்கொண்டு போகிறாள்.

இந்த எட்டு மாதத்தில் அவருக்கு ஏழு டேஷ்போர்டு தைத்திருக்கிறேன். வெட்டிய அளவுக் காகிதங்கள் எல்லாம் கடைச் சுவரில் ஆணியில்தான் தொங்குகின்றன. நாளைக்கு அவற்றை வண்டி பதிவு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். என் பேரையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். மற்ற ஆறு வண்டியிலும் எவள் பெற்ற பிள்ளைகள் போகிறார்களோ தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல். அவர்மேல் வைத்த சந்தேகத்தில் பாதியை என் வேலையின்மேல் வைத்திருக்கலாம். இதை நான் நேரில் வந்து சொல்ல வேண்டும். வரலாமா என்று கேட்க இப்போது தைரியமில்லை.

நான் சொல்வதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. அப்பாவின் பையில் என்னுடைய தையல் பிரிக்கும் கத்தி இருக்கிறது, செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். இரட்டைத் தையல் முடிகிற இடத்தில் ஆரம்பித்தால் சுலபமாக வரும். நீயே பிரித்து உள்ளே பார்.

பார்த்த பிறகு என்னோடு பேச வேண்டாம். ஒரே ஒரு மிஸ்டு கால் கொடு. சத்தியமாக எடுக்க மாட்டேன். மணி அடித்தால் நீங்கள் வண்டியை விட்டு இறங்கிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். அது வரும் வரை தையல் மெஷினில் உட்காரப் போவதில்லை.

குட்டி எந்த வண்டியில் போனாலும் பின்சீட்டிலேயே உட்கார்ந்து நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அவளுடைய அம்மாவும் நன்றாக இருக்கட்டும் என்று தனியாக வேறு எழுத வேண்டுமா?

போன் பக்கத்திலேயே இருக்கிற,
உன் அம்மா.